கன்ன எலும்பிலும் மார்புச் சிரையிலும் நுகத்தடி எங்கிருந்து வந்தது? (சைகோமேடிக், அசைகஸ் பெயர்க்காரணம்)

அரூர் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அரூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். மருத்துவப் படிப்பில் முதலாண்டு பயில்கிறேன். சென்ற வாரம் உடற்கூற்றியல் கூடத்தில் மார்புக்கூட்டைத் திறந்து பார்த்தபோது, முதுகெலும்பை ஒட்டி வலப்புறமாக மேலேறிச் செல்லும் நீலநிறச் சிரை ஒன்றைக் காட்டி, அதன் பெயர் அசைகஸ் என்றார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சைகோமேடிக் எலும்பைப் படித்திருந்தேன். முகத்தில் இருக்கும் எலும்புக்கும் மார்பின் ஆழத்தில் இருக்கும் சிரைக்கும் ஒரே ஒலி எப்படி வந்தது என்று கேட்டபோது, பெயர்க்காரணம் தேர்வில் வராது, மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்ற பதில்தான் கிடைத்தது.

விடுதிக்கு வந்து அகராதியைப் புரட்டியதில் இரண்டுமே கிரேக்கத்தில் நுகத்தடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தவை என்று அறிந்தேன். அறிந்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. எங்கள் வீட்டுத் தொழுவத்துச் சுவரில் தாத்தாவின் நுகத்தடி இன்றும் தொங்குகிறது. டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. ஆனால் இரண்டு மாடுகளின் கழுத்தும் பட்டுப் பட்டு மழமழப்பான அந்த இரண்டு இடங்களையும், முளைக்குச்சி செருகும் துளைகளையும், நடுவில் ஏர்க்காலைக் கட்டிய கயிற்றின் தடத்தையும் சிறு வயதிலிருந்து தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தடவிப் பார்த்தால், நுகத்தடிக்கும் கன்ன எலும்புக்கும் என்ன ஒற்றுமை என்பது விளங்கவில்லை. அசைகஸ் என்றால் நுகமில்லாதது என்கிறார்கள். உடம்பில் எந்தச் சிரைக்குத்தான் நுகம் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை என்று சொல்வதற்கு? இடப்புறத்தில் ஹெமிஅசைகஸ் என்று வேறொரு சிரை இருக்கிறது. அதன் பெயரைப் பிரித்தால் 'அரை நுகமில்லாதது' என்று வருகிறது. இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது பொருத்தம் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காவேரிப்பட்டணம் வாசகர் எழுதியது:

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். ஆயினும் இதற்கு எளிய விளக்கம் இருப்பதாக நினைக்கிறேன். சில ஊர்களில் நுகத்தடியை மாட்டின் கழுத்துக்கு இசைவாக வளைத்துச் செதுக்குவார்கள். கன்ன எலும்பும் வளைந்திருக்கிறது. வடிவ ஒற்றுமையைப் பார்த்துத்தான் பழங்காலத்தவர் அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்.

உடற்கூற்றியல் பயிற்றுநர், தருமபுரி எழுதியது:

காவேரிப்பட்டணம் நண்பர் சொன்ன விளக்கத்தைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடலுறுப்புப் பெயர்களில் வடிவத்தைப் பார்த்து வைத்தவை ஏராளம் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. பட்டெல்லா என்பது லத்தீனில் சிறு தட்டு. முழங்காற்சில்லு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நுகத்தைச் சேர்ந்த பெயர்கள் வடிவத்தைவிட வேலையைப் பார்த்து வைத்தவை. இரண்டைச் சேர்த்துப் பிணைப்பதே நுகத்தின் வேலை. இதைப் பிடித்துக்கொண்டால் மாணவியின் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே வழியில் விடை கிடைக்கும்.

முதலில் கன்னத்துக்கு வருகிறேன். காதுத் துளைக்கு முன்னால் ஒரு விரலை வைத்து, கன்னத்தின் மேட்டை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். தோலுக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓர் எலும்புச் சட்டம் ஓடுவது தெரியும். இப்போது பற்களை இறுகக் கடித்தால், சட்டத்துக்குக் கீழே ஒரு தசையும் மேலே பொட்டுப் பகுதியில் வேறொரு தசையும் புடைக்கும். கீழே இருப்பது மாசெட்டர். அது இந்தச் சட்டத்திலிருந்தே தொடங்கித் தாடைக்கு இறங்குகிறது. மேலே இருப்பது டெம்பொராலிஸ். அது இந்தச் சட்டத்தின் உட்புறமாக நுழைந்து தாடையைப் பிடிக்கிறது. அதாவது, இந்தச் சட்டம் மண்டையோட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. இடையில் தசை புகுந்து செல்லும் அளவுக்கு வெளியே விலகி நின்று, முன்னாலுள்ள கன்ன எலும்பையும் பின்னாலுள்ள பொட்டெலும்பையும் (டெம்பொரல் எலும்பு) ஒரு குறுக்குக் கட்டைபோல இணைக்கிறது. கிரேக்கத்தில் ஸுகோன் என்றால் நுகத்தடி. அதிலிருந்து பிறந்த வினைக்கு நுகத்தில் பூட்டுதல், சேர்த்தல் என்பது பொருள். அந்த வினையிலிருந்து வந்த ஸுகோமா என்ற பெயர் குறுக்குச் சட்டத்தையும் தாழ்ப்பாள் கட்டையையும் குறித்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர் இந்த எலும்புச் சட்டத்தை ஸுகோமா என்றே எழுதினார். சட்டத்துக்கு வைத்த பெயர் பிற்காலத்தில் அதன் முன்முனையைத் தாங்கும் கன்ன எலும்புக்கும் சென்று சேர்ந்தது.

இந்த இடத்தில் மாணவர்கள் எப்போதும் தடுமாறும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் முன்பாதி கன்ன எலும்பிலிருந்து நீளும் நீட்சி. அதன் பெயர் டெம்பொரல் நீட்சி. பின்பாதி பொட்டெலும்பிலிருந்து நீளும் நீட்சி. அதன் பெயர் சைகோமேடிக் நீட்சி. பெயர்கள் இடம் மாறிவிட்டனவோ என்று ஒவ்வோராண்டும் யாராவது கேட்கிறார்கள். மாறவில்லை. நம் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியின் நெற்றியில் அது போய்ச் சேரும் ஊரின் பெயரை எழுதுவதைப்போல, நீட்சி எந்த எலும்பைத் தேடிப் போகிறதோ அந்த எலும்பின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். ஸுகோமாவின் ஆங்கில ஒலிப்பான சைகோமா என்ற சொல் சைகோமேடிக் ஆகும்போது நடுவில் புதிதாக ஒரு 'ட்' வருவதையும் கவனியுங்கள். கிரேக்கத்தில் 'மா' என்று முடியும் இத்தகைய பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது 'மட்' என்று நீளும். டெர்மா என்பது டெர்மடாலஜி ஆவதும், ஸ்டோமா என்பது ஸ்டோமடைட்டிஸ் ஆவதும், டிராமா என்ற காயம் டிராமாட்டிக் ஆவதும் இந்த ஒரே விதியால்தான். இந்த விதி தெரிந்தால் நூறு சொற்களை எழுத்துப் பிழையின்றி எழுதலாம்.

இனி அசைகஸ். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிப்பது; நீதி, அநீதி என்று நாம் எதிர்மறையாக்குவதுபோல. ஸுகோன் என்பது பொருளாக நுகத்தடிதான் என்றாலும், நுகத்தில் எப்போதும் இரண்டு மாடுகள் நிற்பதால், அசைகஸ் என்பதற்கு வழக்கில் அமைந்த பொருள் 'சோடி இல்லாதது' என்பதாகும். எனவே எந்தச் சிரைக்கு நுகம் இருக்கிறது என்ற கேள்வியை, எந்தச் சிரைக்குச் சோடி இருக்கிறது என்று மாற்றிக் கேளுங்கள். கழுத்தில் வலமும் இடமும் ஜுகுலார் சிரைகள் இருக்கின்றன. கைக்கும் காலுக்கும் அப்படியே இருபுறமும் உண்டு. ஆனால் மார்புக்கூட்டின் பின்சுவரில் ஏறும் இந்தச் சிரை வலப்புறத்தில் மட்டுமே முழு நீளத்துக்கு ஏறி, வலது நுரையீரலின் வேரைத் தாண்டி முன்னோக்கி வளைந்து, மேற்பெருஞ்சிரையில் கலக்கிறது. இதற்கு ஒத்த சோடியாக இடப்புறத்தில் முழு நீளச் சிரை இல்லை. அங்கே கீழ்ப்பாதியில் ஹெமிஅசைகஸும் மேற்பகுதியில் துணை ஹெமிஅசைகஸும் ஏறக்குறைய எட்டாவது, ஒன்பதாவது மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முதுகெலும்பைக் குறுக்கே கடந்து வலப்புறச் சிரையிலேயே போய்ச் சேர்கின்றன. ஹெமி என்பது பாதி. அரை நுகம் என்று பிரிக்க வேண்டியதில்லை. அசைகஸின் பாதியளவே உள்ள சிரை என்று கொண்டால் போதும்.

இது வெறும் பெயர் விவகாரமாக மட்டும் இருந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், நுரையீரல் உறை வீங்கி விலாவில் குத்தல் கண்டவர்களுக்குக் கையில் சிரையை வெட்டி இரத்தம் வடிப்பதே சிகிச்சை. வலி இருக்கும் பக்கத்துக் கையில் வெட்டுவதா, எதிர்ப்பக்கத்துக் கையில் வெட்டுவதா என்பதில் மருத்துவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து கடுமையாக வாதிட்டார்கள். அப்போது இத்தாலியின் பதுவாவில் கற்பித்துக்கொண்டிருந்த வெசாலியஸ், 1539இல் அச்சிட்ட ஒரு கடிதத்தில், நூல்களை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள் என்று இந்த அசைகஸ் சிரையைக் காட்டினார். இருபக்க விலாக்களுக்கும் இந்த ஒற்றைச் சிரையே பொது. அது பெருஞ்சிரையின் வலப்புறத்தில்தான் சேர்கிறது. ஆகவே வலி எந்தப் பக்கமானாலும் வலக்கையிலேயே வெட்ட வேண்டும் என்பது அவர் வாதம். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று ஆங்கில மருத்துவர் ஹார்வி நிறுவியது 1628இல். அதற்கு 89 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வாதம் இது என்பதால் சிகிச்சை முடிவு தவறு. ஆனாலும் சோடி இல்லாத ஒரு சிரையைக் கண்ணால் கண்டு, அதை வைத்தே நூற்றாண்டுகால வழக்கத்தைக் கேள்வி கேட்ட அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பின் நான்கே ஆண்டுகளில், 1543இல், வெசாலியஸின் உடற்கூற்றியல் பெருநூல் வெளிவந்தது.

தேன்கனிக்கோட்டை மொழி ஆர்வலர் எழுதியது:

பயிற்றுநர் ஐயாவின் விளக்கம் நிறைவாக இருக்கிறது. லத்தீன் பக்கத்தையும் சேர்த்தால் மாணவிக்கு இன்னும் சில பெயர்கள் விளங்கும் என்பதால் எழுதுகிறேன்.

கிரேக்கத்தின் ஸுகோன், லத்தீனில் இயுகும், சமஸ்கிருதத்தில் யுகம், ஆங்கிலத்தில் யோக். நான்கும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. மற்ற மூன்றிலும் 'ய' ஒலியாக நிற்பது கிரேக்கத்தில் மட்டும் 'ஸ' ஆனதால்தான் உறவு வெளியே தெரியாமல் மறைந்திருக்கிறது. வாற்கோதுமையைக் குறிக்கும் யவம் என்ற வடசொல்லுக்கு உறவான கிரேக்கச் சொல்லும் இப்படியே 'ஸ' ஒலியில் தொடங்குகிறது. சமஸ்கிருதத்தில் யுக்மம் என்றால் சோடி, அயுக்மம் என்றால் ஒற்றைப்படை. அசைகஸ் என்ற சொல்லின் அமைப்பும் பொருளும் அப்படியே இதில் இருப்பதைப் பாருங்கள். யோகம் என்ற சொல்லும் பூட்டுதல் என்ற இதே வினையடியில் பிறந்ததுதான்.

லத்தீன் இயுகும் என்பதோடு சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து இயுகுலும் என்று வந்தது. தோளையும் மார்பையும் கழுத்தையும் இணைக்கும் காறை எலும்புப் பகுதிக்கும் தொண்டைக் குழிக்கும் அது பெயர். ஜுகுலார் சிரை அங்கிருந்து வந்தது. ஆக, பயிற்றுநர் சோடி உள்ள சிரைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஜுகுலாரும், சோடி இல்லாத அசைகஸும், ஒன்று லத்தீன் வழியாகவும் மற்றொன்று கிரேக்கம் வழியாகவும், ஒரே நுகத்தடியின் பெயரைச் சுமக்கின்றன. எனக்கு இது மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. இயுகும் என்பதற்கு இனமான வினை, இணைத்தல் என்ற பொருளில், கண்ணிமையையும் விழியையும் இணைக்கும் கஞ்சங்டைவா என்ற மெல்லிய சவ்வின் பெயரில் இருக்கிறது. கன்ன எலும்பையே லத்தீனில் ஜுகாலே என்றும், கன்னத்தைக் குறிக்கும் மாலா என்ற சொல்லால் மாலாரே என்றும் அழைத்தவர்கள் உண்டு. ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் பெருகியதால், 1895இல் பாசல் நகரில் உடற்கூற்றியலாளர்கள் கூடிப் பொதுப் பட்டியல் ஒன்றை ஏற்றபோது கிரேக்க வழிப் பெயர் நிலைத்தது. ஆயினும் முகத்தில் தோன்றும் ஒருவகைத் தடிப்பை மேலார் என்று மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஊர்வனவற்றிலும் பறவைகளிலும் இதே எலும்பை விலங்கியலார் ஜுகல் என்கிறார்கள்.

நுகத்துக்கு அடிமைத்தனம் என்ற பொருளும் ரோமானியரிடம் இருந்தது. தோற்ற படையை, இரண்டு ஈட்டிகளை நட்டு மூன்றாவதைக் குறுக்கே கட்டிய நுகத்தின் கீழ் குனிந்து போகச் செய்வார்கள், கி.மு. 321இல் சாம்னியர் என்ற இத்தாலிய மலைக்குடியினரிடம் சிக்கிய ரோமானியப் படையே அப்படிக் குனிந்து போக நேர்ந்தது. ஆனால் உடற்கூற்றியல் சொற்களில் இந்த இழிவுப் பொருள் எங்கும் ஒட்டவில்லை. பிணைத்தல் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஒரு வேண்டுகோள். நம் நுகம் என்ற சொல்லையும் யுகம் என்ற சொல்லையும் அருகருகே வைத்து, ஒலி ஒத்திருக்கிறது என்பதாலேயே எதிலிருந்து எது வந்தது என்று யாரும் இங்கே முடிவு கட்ட வேண்டாம். எங்கள் பக்கத்தில் கன்னடம் பேசுபவர்கள் நொக என்கிறார்கள். தெலுங்கு பேசுபவர்கள் காடி என்கிறார்கள். சொல்லின் உறவை நிறுவ, இப்படி அண்டை மொழிகளின் வடிவங்களையும் ஒலி மாற்ற விதிகளையும் சேர்த்து ஆராய வேண்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பென்னாகரம் எழுதியது:

நுகத்தைப் பற்றிய பேச்சில் மாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன், அம்மா. மனிதருக்கு வலப்புறச் சிரை நிற்கிறது என்று படித்தீர்கள். மாட்டுக்கு அப்படி இல்லை. மாட்டின் மார்பில் எப்போதும் இருப்பது இடப்புற அசைகஸ். அது மேற்பெருஞ்சிரையை நாடாமல், இதயத்தின் சொந்தச் சிரைகள் வந்து கூடும் கரோனரி சைனஸில் திறக்கிறது. சில மாடுகளில் வலப்புறச் சிரையும் கூடவே இருக்கும். பன்றிக்கும் இடப்புறம்தான், குதிரைக்கும் நாய்க்கும் மனிதரைப்போல வலப்புறம். கருவில் இருக்கும்போது எல்லாப் பாலூட்டிகளிலும் இரண்டு பக்கமும் சமமாகவே சிரைகள் தொடங்குகின்றன. வளர்ச்சியில் ஒரு பக்கம் தடித்து நிலைக்க, மறுபக்கம் சுருங்கிவிடுகிறது அல்லது துண்டுபட்டு நிற்கிறது. உங்கள் ஹெமிஅசைகஸ் அப்படி நின்ற மிச்சம்தான்.

நான் பணியில் இருந்த காலத்தில் இந்தப் பக்கத்து உழவர்கள் ஆலம்பாடி மாடுகளை ஏரில் பூட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலப்பக்கம் பழகிய மாட்டை வலத்தான் என்றும் இடப்பக்கம் பழகியதை இடத்தான் என்றும் சொல்வார்கள். இடம் மாற்றிப் பூட்டினால் மாடு திமிறும், சால் கோணும். சோடியில் ஒன்று இறந்துவிட்டால் மிஞ்சியது வலத்தானா இடத்தானா என்று பார்த்துத்தான் சந்தையில் அதற்கேற்ற துணையைத் தேடுவார்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் இந்த உவமையைத்தான் சொல்வேன்: கருவில் சோடியாகப் பூட்டிய சிரைகளில் மனிதருக்கு வலத்தான் மிஞ்சியது, மாட்டுக்கு இடத்தான் மிஞ்சியது. அவர்கள் எவரும் பிறகு பக்கத்தை மாற்றி எழுதியதில்லை.

உடற்கூற்றியல் பயிற்றுநர், தருமபுரி எழுதியது:

மருத்துவர் ஐயாவின் உவமையை என் வகுப்பிலும் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தமிழ்ப் பெயரைப் பற்றிய கேள்வி விடுபட்டுப் போனதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அசைகஸ் என்பதற்கு இணையிலாச் சிரை என்று சிலர் எழுதுகிறார்கள். இலக்கண முறையில் பிழையில்லை. ஆனால் இணையிலா என்றால் தமிழ்க் காதுக்கு ஒப்பற்ற, ஈடில்லாத என்றுதான் கேட்கும், இறைவனைப் புகழும்போது சொல்வதைப்போல. சோடியின்மை என்ற பொருள் பின்னுக்குப் போய்விடுகிறது. ஒற்றைச் சிரை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒற்றை என்ற சொல் தனியே நிற்பதில்லை. இரட்டை என்பதை எப்போதும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பொருள் தருகிறது. கிரேக்கச் சொல்லும் அதைத்தான் செய்கிறது. ஹெமிஅசைகஸ் என்பதை அரை ஒற்றைச் சிரை என்றும், சைகோமேடிக் வளைவைக் கன்ன நுகவளைவு என்றும் எழுதலாம். தேர்வுத்தாளில் மட்டும் பன்னாட்டுப் பெயரை முதலில் எழுதிவிடுங்கள்.

அரூர் மாணவி எழுதியது:

விளக்கம் எழுதிய அனைவருக்கும் என் வணக்கமும் நன்றியும். சனிக்கிழமை ஊருக்குச் சென்றபோது தாத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்து, காதுக்கு முன்னாலிருந்து கன்னம் வரை விரலால் நகர்த்திக் காட்டி, இந்தச் சட்டத்துக்கு நுகத்தடி என்று பெயர் என்றேன். அவர் பற்களைக் கடித்துப் பார்த்து, தசை புடைப்பதைத் தாமே தடவிப் பார்த்து, நுகத்துக்கு அடியில் மாட்டுக் கழுத்து போவதைப்போல இதற்கு அடியில் சதை போகிறது என்றார். நான் சொல்லாமலேயே அவருக்கு அது விளங்கிவிட்டது.

பிறகு பென்னாகரம் மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் கடைசிச் சோடியில் இடத்தான் முதலில் இறந்துவிட்டதாம். டிராக்டர் வந்துவிட்ட காலம் என்பதால் வலத்தானுக்குத் துணை வாங்காமலே வைத்துக்கொண்டார்களாம். அந்த மாட்டை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒத்தை என்றுதான் கூப்பிட்டோம் என்றார். என் பதிவேட்டில் அசைகஸ் படத்துக்குக் கீழே ஒற்றைச் சிரை என்று எழுதி, பக்கத்தில் வலத்தான் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.